கடலுக்குப் போன அண்டா

வேன் வாசலில் வந்து நின்றபோது என் கையில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. மற்றவர்கள் கையில் வீடே இருந்தது.

கிரைண்டரை என் வீட்டுக்காரர் ஒரு பக்கமும் டிரைவர் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். அதன் பின்னால் மிக்ஸி போனது. கேஸ் அடுப்பு, சிலிண்டர், இட்லிப் பானை, குடங்கள், அரிசி மூட்டை, அருவாமனை, முறம், துடைப்பம், கொடி கட்ட நைலான் கயிறு, பினாயில் பாட்டில் என்று ஒவ்வொன்றாக ஏறின. கடைசியில் பெட்ஷீட் போட்டுச் சுற்றிக் கட்டிய ஒரு பெரிய உருண்டை மூட்டை வந்தது. என் நாத்தனார் விஜயா அண்ணி கூடவே நின்று அதைப் பத்திரமாக ஏற்றச் சொன்னார்.

"அதுல இன்னா அண்ணி?"

"தலவாணிம்மா. வாடகை வீட்டுத் தலவாணி நமக்கு ஒத்துக்குமா?"

மூட்டையை வேனில் வைத்தபோது ணங்கென்று சத்தம் வந்தது. தலையணை எங்கேயாவது ணங்கென்று சத்தம் போடுமா? அப்போதே அவிழ்த்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. என் கவலையெல்லாம் நாற்காலிமேல் இருந்தது.

"இத எங்க வெக்கறது? எடமே இல்ல. அங்க சேரு இல்லாமலா இருக்கும்?" என்றார் வீட்டுக்காரர்.

"இருந்தா இருக்கட்டும். இது என்னுது. மடியில வெச்சிக்கினு வரேன்."

மடியில் வைத்துக்கொண்டுதான் போனேன். செஞ்சி, திண்டிவனம் தாண்டி மரக்காணத்து உப்பளம் கண்ணில் படும்வரை அதன் கால் என் விலாவில் குத்திக்கொண்டே வந்தது. பரவாயில்லை என்று இருந்தேன்.

எதற்கு அந்த நாற்காலி?

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு எங்கள் வீடு தெரியும். இன்றைக்குத்தான் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலையில் மலையைச் சுற்றும் பாதையில், அடி அண்ணாமலையில் எங்கள் வீடு. பௌர்ணமி என்றால் எங்கள் வாசல் எங்களுடையது இல்லை. சாயங்காலம் ஆரம்பித்து விடியும்வரை ஜனம் நடந்துகொண்டே இருக்கும்.

"அக்கா, கொஞ்சம் தண்ணி." "அம்மா, பாத்ரூம் எங்க இருக்குது?" "போன் சார்ஜ் போட்டுக்கலாமா?" இதற்கெல்லாம் நான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. வீட்டில் இருக்கிற நாற்காலியெல்லாம் அன்றைக்கு வாசலுக்குப் போய்விடும். கால் வலிக்கிறவர்கள் உட்காரட்டும். அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

என் வருத்தம் அண்டாவில் ஆரம்பிக்கிறது.

வீட்டுக்காரருக்கு அரசாங்க வேலை நிரந்தரமான வருடம் அவர் ஒரு வேண்டுதல் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு சித்திரா பௌர்ணமிக்கும் ஓர் அண்டா சாம்பார் சாதம் செய்து, நடந்து வருகிறவர்களுக்கு வழங்குவதாக. நல்ல வேண்டுதல். யாரும் குறை சொல்ல முடியாது. வேண்டிக்கொண்டது அவர், கிளறுவது நான்.

மத்தியானத்திலிருந்து தோட்டத்துப் பக்கம் மூன்று கல் கூட்டி, விறகுப் புகையில் கண்ணெரிய நான் நிற்பேன். பொழுது சாய்ந்ததும் அவர் குளித்து, பட்டை போட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாசலுக்கு வருவார். கரண்டியைப் பிடிப்பார். ஜனம் அவரைக் கையெடுத்துக் கும்பிடும். யாராவது போட்டோ எடுப்பார்கள். அந்தப் போட்டோ எதிலும் நான் இல்லை. பின்பக்கம் அடிப்பிடித்த பாத்திரத்தை யார் போட்டோ எடுக்கப் போகிறார்கள்?

ஒருமுறை பாத்ரூமுக்கு வந்த பெண் ஒருத்தி, சேலத்துப் பக்கமோ என்னவோ, என்னைப் பார்த்து நின்றாள். "நீங்க மலை சுத்தப் போவலையாக்கா? ரோட்டுமேலயே வீட்டை வெச்சிருக்கீங்களே" என்று கேட்டாள்.  கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து சித்திரா பௌர்ணமியில் நான் ஒரு தடவைகூட மலை சுற்றியதில்லை. இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சுத்தறவங்களுக்குச் சோறு போட்டா சுத்தின மாதிரிதான்" என்றார். அப்படியானால் அந்தப் புண்ணியம் எனக்குத்தானே வர வேண்டும்? கும்பிடு மட்டும் ஏன் அவருக்குப் போகிறது?

இன்னொன்றும் உண்டு. நான் பிறந்தது கீழ்பென்னாத்தூர். அங்கே பௌர்ணமி நிலா வேர்க்கடலைக் கொல்லைக்கு அந்தப் பக்கம், தரையிலிருந்து சிவப்பாக எழும்பி வரும். அடி அண்ணாமலையில் மலை எங்களுக்குக் கிழக்கே நிற்கிறது. நிலா மலைக்குப் பின்னால் ஏறி, உச்சியைத் தாண்டி எங்களுக்குத் தெரியும்போது வெளுத்துப்போய் மேலே நிற்கும். அதையும் நான் நிமிர்ந்து பார்த்தால்தானே? நான் அண்டாவுக்குள் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதனால்தான் எங்கள் மகள் தீபா கடற்கரையில் ஒரு வீடு எடுத்திருப்பதாகச் சொன்னபோது நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. தீபா சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள், எங்கிருந்தும் வேலை செய்யலாமாம். கோடை முழுக்க எல்லோரும் அங்கே இருக்கலாம் என்றாள். சித்திரா பௌர்ணமி அன்றைக்கு நான் கடலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வேண்டும், நிலா தண்ணீரிலிருந்து எழும்புவதைப் பார்க்க வேண்டும், கையில் கரண்டி இருக்கக் கூடாது. இதைத்தான் கேட்டேன்.

"இந்த வருஷம் அரிசி பருப்பை வேற யார்கிட்டயாவது கொடுத்துடலாம். அவங்க ஆக்கிப் போடட்டும்" என்று வீட்டுக்காரரே வாயால் சொன்னார். விஜயா அண்ணியும் தலையாட்டினார். நான் கடைக்குப் போய் அந்த நாற்காலியை வாங்கி வந்தேன்.

"குடி வந்தீங்களா?"

வேனிலிருந்து சாமான் இறங்கிக்கொண்டிருந்தபோது கூடையோடு மீன் விற்கப் போன அம்மா ஒருத்தி கேட்டில் நின்று பார்த்தாள். கிரைண்டரைப் பார்த்தாள், முறத்தைப் பார்த்தாள்.

"ஊர் பாக்க வந்தீங்களா, குடி வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

வீடு அழகான வீடுதான். சுவரெல்லாம் வெள்ளை, ஜன்னலைத் திறந்தால் சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டினால் கடல். ஆனால் அது சமைக்கிறவர்களுக்காகக் கட்டிய வீடு இல்லை. சமையலறையில் கண்ணாடிக் கோப்பைகள் வரிசையாகத் தொங்கின. ஒரு கரண்டி இல்லை. ஒரு மைக்ரோவேவ் இருந்தது. போனில் சொல்லிச் சாப்பாட்டை வரவழைத்துச் சாப்பிடுகிறவர்கள் வந்து போகிற இடம்.

"நாமளும் வரவழைச்சிக்கலாமே" என்றேன்.

"மாசம் பூரா ஓட்டல் சாப்பாடா? வயிறு இன்னாத்துக்கு ஆவும்?" என்றார் வீட்டுக்காரர். வயிறு அவருடையது. அதைக் காப்பாற்றுகிற வேலை மட்டும் என்னுடையது.

குழாயில் உவர்த்தண்ணீர். துணிக்குச் சோப்பு நுரைக்காது, பருப்பு எத்தனை விசில் விட்டாலும் விறைத்துக்கொண்டு நிற்கும். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர். துவைத்துப் போட்ட துணி சாயங்காலம் எடுத்தால் பிசுபிசுவென்று கையில் ஒட்டும். கட்டிலில் மணல், சாதத்தில் மணல், காபி டபராவின் அடியில் மணல். காலையில் பெருக்கினால் மத்தியானம் மறுபடி மணல்.

உப்புக்காற்றில் உப்பே கசிந்து கூழாகிவிட்டது. தீப்பெட்டி நமுத்துப்போனது. அப்பளம் துணிபோல் தொங்கியது. கடைசியில் நான் புது உப்பு வாங்கி, டப்பாவோடு அந்த மைக்ரோவேவுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். அப்பளமும் கூடவே போனது. அது மட்டும்தான் அந்த வீட்டில் காற்றுப் புகாத இடம். யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தேவையானது கைக்கு வந்துகொண்டிருக்கும்வரை அது எங்கிருந்து வருகிறது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை.

நான் கேட்கிறேன், விடுமுறை என்றால் என்ன? வீட்டுக்காரருக்கு அங்கே வேலை இல்லை, விடுமுறை. அண்ணிக்கு முட்டிவலி, விடுமுறை. தீபாவுக்கு வேலை உண்டு, ஆனாலும் காதில் மாட்டியிருப்பதை ஒரு பக்கம் விலக்கிவிட்டு "அம்மா, காபி" என்று சொல்ல முடிகிறது, அதுவும் விடுமுறையில்தான் சேர்த்தி. எனக்கு அடுப்படியை வேனில் ஏற்றி, நூறு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் இறக்கிக் கொடுத்திருந்தார்கள். அதற்கும் அதே பெயர்.

நாற்காலிக்குக் கிடைத்த உத்தியோகம்

வந்த மறுநாளே என் நாற்காலி வேலைக்குச் சேர்ந்துவிட்டது.

கேன் தண்ணீரைக் குழாய் வைத்துப் பிடிக்க உயரமான இடம் வேண்டும். மேடையில் இடம் இல்லை, அங்கே கிரைண்டர். வீட்டுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த வீட்டில் இருந்த நாற்காலியெல்லாம் மெத்தை தைத்தவை, ஈரம் படக் கூடாது. என்னுடைய நீல நாற்காலியை இழுத்து, அதன்மேல் கேனை ஏற்றிவிட்டார்.

"அது நான் உக்காரக் கொண்டாந்ததுங்க."

"எப்பப் பாத்தாலும் நீ அடுப்பாண்டதான நிக்கற. உனக்கு எதுக்கு சேரு?"

இதைக் கோபமாகச் சொல்லவில்லை, கிண்டலாகவும் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம். இதற்கு என்ன செய்வது?

இரண்டு மூன்று தடவை கேனைக் கீழே இறக்கிவிட்டு நாற்காலியை எடுத்துக்கொண்டு சவுக்குத் தோப்புவரை போனேன். ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து குரல் வரும். "மல்லிகா, கேன குனிஞ்சி சாய்க்க முடியல, முட்டி வலிக்குது" என்பார் அண்ணி. வயதில் பெரியவர், வலி நிஜம். திரும்பி வந்து நாற்காலியைப் போடுவேன். கேன் ஏறி உட்காரும். நான் நிற்பேன்.

கடலின் சத்தத்தை மட்டும்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். குக்கர் விசிலுக்கு நடுவே.

ஆனால் பௌர்ணமி அன்றைக்கு விட்டுக்கொடுக்கப் போவதில்லை என்று மட்டும் முடிவாக இருந்தேன். முதல் நாளே தீபாவிடம் சொல்லிவைத்தேன். "நாளைக்குச் சாயந்தரம் எனக்கு அந்த சேர் வேணும்." "எடுத்துக்கோம்மா, இதுக்குப் போயி பர்மிஷனா" என்றாள். குழந்தைக்கு ஒன்றும் தெரியாது.

தலையணைகள் தரைக்கு வந்தன

பௌர்ணமி அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணியின் அறையை எட்டிப் பார்த்தேன். தலையணைகள் எல்லாம் தரையில் கிடந்தன. அவற்றை வைத்திருந்த அண்டாவைக் காணவில்லை.

ஆமாம், அண்டாதான். ணங்கென்று சத்தம் போட்டது அதுதான். வந்த அன்றே அவிழ்த்துப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேற பெட்டி இல்லம்மா, தலவாணி வெக்கத்தான் எடுத்தோம்" என்றார் அண்ணி. நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, அவர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்களே.

பின்பக்கம் போனேன். மூன்று செங்கல் கூட்டி, விறகுக்குச் சவுக்கு மிலாறு அடுக்கி, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் பருப்பைத் தட்டில் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு உதவி செய்கிறாராம்.

"இன்னாங்க இது?"

அவர் நிமிரவில்லை. அண்ணிதான் பேசினார். "வருஷம் தவறாம செஞ்சது மல்லிகா. எங்க இருந்தாலும் வேண்டுதல் வேண்டுதல்தான? வுட்டா மனசு கேக்கல."

"சரி அண்ணி. யாருக்குப் போடப் போறீங்க? இந்தத் தெருவுல யார் நடக்கறாங்க?"

"இன்னிக்கி பௌர்ணமியாச்சே. வருவாங்க" என்றார் வீட்டுக்காரர், முழு நம்பிக்கையோடு.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய நம்பிக்கை அது. பௌர்ணமி வந்தால் உலகத்தில் எல்லா வாசலிலும் ஜனம் நடக்கும், அவர்களுக்குப் பசிக்கும் என்று நாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்திருக்கிறோம். மீன்காரம்மாவையும் இரண்டு நாயையும் தவிர வேறு யாரும் நடக்காத அந்த மணல் தெருவில், ஓர் அண்டா சோற்றுக்கு ஜனம் வரும் என்று அந்த மனிதர் காத்திருந்தார்.

"நீ தாளிப்பு மட்டும் பாத்துக்கோ. மத்தது நாங்க பாத்துக்கறோம்" என்றார். அந்தத் 'தாளிப்பு மட்டும்' எதில் போய் முடியும் என்று எனக்குத் தெரியும். தாளிப்பில் ஆரம்பித்து, பருப்பு வேகவில்லை என்று கூப்பிட்டு, சாதம் அடிப்பிடிக்கிறது என்று கூப்பிட்டு, கடைசியில் அவர் குளிக்கப் போய்விடுவார்.

"நான் இன்னிக்கி சமைக்க மாட்டேன்" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கோபம்கூட இல்லை, திகைப்பு. குழாயே தண்ணீர் தர மாட்டேன் என்று சொன்னால் எப்படிப் பார்ப்போம், அப்படி.

"அப்ப யாரு செய்யறது?"

"வேண்டிக்கினவங்க."

 இத்தனை வருடத்தில் மாட்டேன் என்ற வார்த்தையை நான் சொன்னதே இல்லை. சொல்லிவிட்டு அங்கே நின்றால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. உள்ளே போனேன். கேனை இறக்கித் தரையில் வைத்தேன். நாற்காலியை எடுத்துத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், சுடுமணலில் நடந்தேன்.

கரையில்

வெயில் தாழும் நேரம். அலை வந்து தொடாத இடமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டேன். உட்கார்ந்தேன். முதலில் உட்காரவே தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்று புரியவில்லை. புடவைத் தலைப்பில் துடைத்தேன், துடைக்க ஒன்றும் இல்லை.

சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் புகை கிளம்பியது. பச்சை மிலாறு போலிருக்கிறது. தீபா ஓடி வந்தாள்.

"அம்மா, பெருங்காயம் எங்க இருக்கு?"

"தேடு."

போனாள். மறுபடி வந்தாள். "அம்மா, பருப்புக்கு எவ்ளோ தண்ணி?"

"உங்கப்பாவுக்குத் தெரியும். வருஷா வருஷம் அவர்தான போடறார்."

தீபா ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். காதில் மாட்டியிருந்ததை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு திரும்பி நடந்தாள். அதற்குப் பிறகு அவள் கேட்க வரவில்லை.

எழுந்து போய்விடலாமா என்று மனசு இழுத்தது. அந்த அரிசி குழைந்து நாசமாகிவிடுமே, அண்ணி புகையில் இருமுகிறாரே என்று இழுத்தது. நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். இதற்குத்தானே கை வைத்த நாற்காலியாகப் பார்த்து வாங்கினேன்.

அப்போதுதான் வந்தது. கடலும் வானமும் ஒட்டுகிற இடத்தில், ஒரு விளிம்பு. சிவப்பாக. நான் மறந்தே போயிருந்தேன், அது அத்தனை சிவப்பாக இருக்கும் என்பதை. கொல்லை மேட்டில் நின்று பார்த்த அதே நிலா. எனக்குக் கல்யாணமான பிறகும் அது இத்தனை வருடமும் இப்படித்தான் எழும்பிக்கொண்டிருந்திருக்கிறது, என்னைத் தவிர எல்லோருக்கும். அழுகை வந்தது. சந்தோஷம்தான், ஆனால் அதைவிடக் கோபம். இதைக் காட்டுவதற்கு ஒருவருக்கும் ஒரு செலவும் இல்லை, ஒரு நாற்காலியும் ஒரு சாயங்காலமும் போதும். அதைக்கூட நான் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது.

நிலா தண்ணீரை விட்டு முழுசாக மேலே வந்து, வெளுக்க ஆரம்பித்தபோது பின்னால் மணலில் காலடிச் சத்தம் கேட்டது.

அண்டாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரரும் தீபாவும் வந்தார்கள். பின்னால் முட்டியைப் பிடித்தபடி அண்ணி, கையில் தட்டுகள். தெருவில் யாரும் வரவில்லையாம். கரையிலாவது ஜனம் இருக்கும் என்று தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் குளிக்கவில்லை. வேட்டியெல்லாம் கரி. கண் இரண்டும் புகையில் சிவந்து நீர் வடிந்தது. கரண்டியைப் பிடித்துக்கொண்டு கரையின் இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார். ஒரு ஆள் இல்லை. நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

 பிறகு ஒரு தட்டை வாங்கி, ஒரு கரண்டி வைத்து, வாசலில் எல்லோரிடமும் குனிந்து நீட்டுவாரே, அப்படி நீட்டினார்.

"வாங்கிக்குங்க சாமி."

பழக்கத்தில் வந்ததா, வேண்டுமென்றே சொன்னாரா, நான் இன்றுவரை கேட்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அந்தச் சாதத்தில் முதல் தட்டு எனக்கு வந்தது அன்றைக்குத்தான். நான்கு பக்கமும் மணல் பறக்க, ஒரு வாய் எடுத்துப் போட்டேன். மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

"உப்பு இல்ல" என்றேன்.

"வீடு முழுக்கத் தேடிட்டேன். எங்க வெச்சிருக்கன்னே தெரியல" என்றார் அவர், தோற்றுப்போன குரலில்.

"நீ ஒரு எட்டு போயி எடுத்தாந்துடேன் மல்லிகா" என்றார் அண்ணி.

மைக்ரோவேவ் ஞாபகத்துக்கு வந்தது. நுனி நாக்குவரை வந்தது. நான் கையை நீட்டி எதிரே இருந்த கடலைக் காட்டினேன்.

நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.